புதன்கிழமை இரவு 11:59

புதன்கிழமை இரவு. பொறியியல் கல்லூரி ஹாஸ்டல் ஒன்றின் இரண்டாம் மாடி. மெஸ்ஸில் சப்பாத்தியும் குருமாவும் முடிந்து ஒரு மணி நேரமாகிறது. ஒருவன் பக்கெட்டில் துணி ஊறப்போட்டிருக்கிறான். இரண்டு பேர் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறார்கள். பத்தரை மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்து விழுகிறது: “டேய், என்பிடெல் போட்டாச்சா?” அவ்வளவுதான். துணி பக்கெட்டிலேயே கிடக்கிறது. லேப்டாப்கள் திறக்கின்றன. பாஸ்வேர்டு மறந்தவன் பக்கத்து அறைக்கு ஓடுகிறான்.

சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் இணையவழிப் படிப்புகளில் வாரத்துக்கு ஓர் அசைன்மென்ட் உண்டு. பெரும்பாலும் புதன் இரவு 11:59தான் கெடு. பன்னிரண்டு வாரப் படிப்பென்றால், நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்ட்களின் சராசரி இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம். மீதி 75 சதவீதம் நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. இதெல்லாம் அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். நினைவூட்டும் மெயில்கூட ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் அது தள்ளுபடி விற்பனைக்கும் வங்கிக் கடன் அழைப்புக்கும் நடுவே திறக்கப்படாமல் கிடக்கிறது. அதே செய்தியைத்தான் நண்பனும் சொன்னான், அதுவும் பாதி வாக்கியத்தில். அது மட்டும் ஏன் வேலை செய்தது?

இணையவழிப் படிப்பை நடத்துகிறவர்கள் பதினைந்து வருடமாக முட்டிமோதும் கேள்வி இது. ஆரம்பத்தில் யாரும் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 2011 இலையுதிர் காலத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். உலகமே ஒரு வகுப்பறையாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர் என்பது அடுத்த பத்தியில் வந்தது.

2012 வசந்தத்தில் எம்ஐடி நடத்திய மின்சுற்றுகள் படிப்பின் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. மாணவர்கள் எந்தப் படியில் நின்றுபோனார்கள் என்பதை அது காட்டுகிறது. பதிவு செய்தவர்கள் 1,54,763. முதல் வீட்டுப்பாடத்தைத் திறந்தாவது பார்த்தவர்கள் 69,221. அதில் ஒரு மதிப்பெண்ணாவது வாங்கியவர்கள் 26,349. இடைத்தேர்வில் தேறியவர்கள் 9,318. கடைசியில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157.

இந்த எண்களில் பலரும் கடைசி வரியைத்தான் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். பார்க்க வேண்டியது நடுவில் இருக்கிறது. இடைத்தேர்வைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கரையேறிவிட்டார்கள். வெள்ளம் பெரும்பாலோரை அடித்துக்கொண்டு போனது முதல் வீட்டுப்பாடத்திலோ அதற்கு முன்னாலோதான். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய படிப்புகளின் ஆறு வருடத் தரவை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ் வலியெந்தேயும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் அலசினார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்குமேல், 52 சதவீதம் பேர், படிப்புக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18இல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். இத்தனை பேரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. ஒரே சொடுக்கில் இலவசமாகப் பதிவு செய்ய முடியும்போது, புத்தகக் கடையில் அட்டையைப் புரட்டியவரையெல்லாம் வாசகர் என்று எண்ணிய கதைதான் இது. இருந்தாலும் உண்மையாகவே படிக்க நினைத்து வந்து, இரண்டாம் வாரத்தில் காணாமல் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறையவே இருந்தார்கள்.

அவர்களிடமிருந்து எதைப் பறித்துவிட்டோம் என்று யோசித்தால் சங்கதி பிடிபடும். பள்ளிக்கூடத்தில் காலை மணி அடிக்கிறது. பஸ் வருகிறது. பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டை எடுக்கிறான். ஆசிரியர் உள்ளே வருவதற்கு முன்பே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. கட்டடமே பாதி நினைவூட்டும் வேலையைச் செய்துவிடும். யாரும் அதற்குச் சம்பளம் கொடுத்ததில்லை, அதனால் யாரும் கவனித்ததுமில்லை. பாடத்தை இணையத்துக்குக் கொண்டுபோனவர்கள் கரும்பலகையைக் கொண்டுபோனார்கள், பாடப்புத்தகத்தைக் கொண்டுபோனார்கள். மணியை விட்டுவிட்டார்கள்.

மறதி என்றதும் பழைய விஷயம் நினைவுக்கு வராததைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உளவியலாளர்கள் தனியாகப் பிரித்து ஆராயும் இன்னொன்றும் உண்டு: இனிமேல் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைத்துக்கொள்வது. கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் இருவரும் 1990இல் இதை இரண்டாக வகுத்தார்கள். ஒன்று, ஏதாவது நடந்ததும் நினைத்துக்கொள்வது. மற்றது, நேரம் வந்ததும் தானாக நினைத்துக்கொள்வது. எந்தச் சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். குக்கர் மூன்று விசில் அடித்ததும் அணைக்க வேண்டும் என்றால், கூடத்தில் அரட்டையில் இருப்பவர்கூட எழுந்து வருவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும் என்றால் பொங்கி வழிந்த பிறகுதான் நினைவு வரும். பால் விசிலடிப்பதில்லை. இணையவழிப் படிப்பு அடுப்பில் வைத்த பால். அதற்கு ஒரு விசில் பொருத்தும் முயற்சிதான் நினைவூட்டும் செய்தி.

அந்த விசில் எங்கே, எப்போது ஒலிக்க வேண்டும் என்பதற்கு அழகான சோதனை ஒன்று இருக்கிறது. அதில் படிப்பும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு காபிக் கடையும் ஒரு பொம்மையும்தான். டாட் ராஜர்ஸ், கேத்தரின் மில்க்மன் இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் உள்ள காபிக் கடையொன்றில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு டாலர் தள்ளுபடிச் சீட்டு கொடுத்தார்கள். செவ்வாயன்று கொடுத்த சீட்டை வியாழனன்றுதான் பயன்படுத்த முடியும். வியாழனன்று கல்லாப்பெட்டி மேல் ‘டாய் ஸ்டோரி’ படத்து மூன்று கண் வேற்றுக்கிரகப் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. பாதிப் பேருக்குச் சீட்டிலேயே சொல்லியிருந்தார்கள்: அந்தப் பொம்மையைப் பார்த்தால் சீட்டு ஞாபகத்துக்கு வரட்டும் என்று. மற்றவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களுக்கு அது வெறும் பொம்மை. சொல்லப்படாதவர்களில் 17 சதவீதம் பேர் சீட்டைப் பயன்படுத்தினார்கள். சொல்லப்பட்டவர்களில் 24 சதவீதம்.

பொம்மையின் சாமர்த்தியம் அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது. கை பர்சுக்குள் போகும் அதே நொடியில் அது கண்ணில் பட்டது. காலை எட்டு மணிக்கு பஸ் படியில் தொங்கிக்கொண்டு போகிறவனின் போனில் ‘மூன்றாம் வார வினாக்களை முடியுங்கள்’ என்று மெயில் வந்தால், அவன் படிக்கவும் செய்வான், சரியென்று நினைக்கவும் செய்வான். லேப்டாப் அறையில் இருக்கிறது. மாலையில் லேப்டாப் முன் உட்காரும்போது மெயில் படித்த மெயிலாகிவிட்டிருக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதோடு எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளும் நிர்வாகிகள் இந்த இடைவெளியைக் கவனிப்பதே இல்லை.

இந்த இடைவெளியைப் பணமாக்கத் தெரிந்தது ஒரு பச்சை ஆந்தைக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் வான் ஆனும் செவரின் ஹேக்கரும் 2011இல் தொடங்கிய டூயோலிங்கோ செயலி மொழி சொல்லித்தருகிறது; அதைவிடத் திறமையாக நினைவூட்டுகிறது. கடைசியாகப் பாடம் படித்ததிலிருந்து சரியாக 23 மணி 30 நிமிடம் கழித்து அதன் செய்தி வரும். கணக்கு எளிமையானது: நேற்று இந்த நேரத்தில் ஒருவருக்கு ஓய்வு இருந்தது என்றால், இன்றும் அநேகமாக இருக்கும். அவருடைய தினசரி வாழ்க்கை பற்றிச் செயலிக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. நேற்றைய அவரே இன்றைய அவருக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார்.

எப்போது அனுப்புவது என்பது தீர்ந்தால், என்ன எழுதுவது என்பது மிச்சம். அந்நிறுவனத்தின் கெவின் யான்சி, பர் செட்டில்ஸ் இருவரும் 2020இல் அதை விவரமாக எழுதினார்கள். சூதாட்ட விடுதியில் வரிசையாகக் காசு இயந்திரங்கள் நிற்கின்றன. எது அதிகம் கொடுக்கும் என்று தெரியாது. கெட்டிக்காரன் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுப் பார்ப்பான். கொடுப்பதில் அதிகம் போடுவான். மற்றவற்றையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டிருப்பான். ஆந்தையின் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் அப்படியொரு இயந்திரம். ஆனால் இரண்டு சிக்கல்கள். ‘உங்கள் பத்து நாள் தொடர் அறுந்துவிடப் போகிறது’ என்பதை பத்து நாள் தொடர்ந்து படித்தவருக்கு மட்டுமே அனுப்ப முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், மிக நன்றாக வேலை செய்யும் வாக்கியம்கூட இரண்டாம் நாள் சலித்துப்போகிறது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் மெல்ல வீரியம் திரும்புகிறது. ஆகவே தூங்கப்போய் எழுந்துவரும் வாக்கியங்களைக் கணக்கில் வைக்கும் ஒரு வழிமுறையை எழுதினார்கள். நாள்தோறும் செயலியைத் திறப்பவர்கள் அதனால் 0.5 சதவீதம் கூடினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்குவது 2 சதவீதம் கூடியது.

அரை சதவீதமா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு முறைக்கு மேல் கிடைத்த ஆதாயம் அது. பல லட்சம் பேர் மீது உலகின் மிகத் தேர்ந்த நினைவூட்டல் இயந்திரம் ஒன்று செய்த அளவும் அதுதான். எந்த விற்பனையாளராவது கல்லூரி முதல்வரின் அறைக்கு வந்து, தன் மென்பொருளின் குறுஞ்செய்திகள் தேர்ச்சியை நாற்பது சதவீதம் உயர்த்தும் என்றால், இந்த எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடியடியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆந்தையிடம் ஒரு கடைசி ஆயுதமும் உண்டு. பல நாள் எட்டிப்பார்க்காதவருக்கு, இந்த நினைவூட்டல்கள் பலிக்கவில்லை போலிருக்கிறது, ஆகவே நிறுத்திக்கொள்கிறோம் என்று ஒரு செய்தி போகும். கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் அத்தையின் தொனி. அதைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஆந்தை வீட்டுக்கே வந்து முறைப்பதுபோல இணையத்தில் கேலிப்படங்கள் பெருகின. 2019 ஏப்ரல் 1ஆம் தேதி அந்நிறுவனமே அதை வைத்து ஒரு முட்டாள்தின வீடியோ வெளியிட்டது. சிரித்தவர்களுக்கும் ஒன்று புரிந்திருக்கும்: நினைவூட்டல் நச்சரிப்பாக மாறும் இடம் வெகுதூரத்தில் இல்லை.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை டென்மார்க்கில் அளந்தார்கள். மெட்டே டாம்கார்ட், கிறிஸ்டினா கிராவர்ட் இருவரும் ஒரு அறக்கட்டளையின் நன்கொடை நினைவூட்டல்களை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். நினைவூட்டியதும் நன்கொடை கூடியது உண்மை. அதே நினைவூட்டல், இனி மெயிலே வேண்டாம் என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர்களையும் கூட்டியது. போனவர் போனவர்தான், அடுத்த முறை அவரிடம் கேட்க வழியே இல்லை. ஒவ்வொரு செய்தியும் ஒரு காசோலை மாதிரி, கணக்கில் இருப்பு குறைந்துகொண்டே வரும்.

படிப்புக்குத் திரும்புவோம். 2017இல் மைக்கேல் யோமன்ஸும் ஜஸ்டின் ரைக்கும் மூன்று இணையவழிப் படிப்புகளில் ஒரு சின்ன காரியம் செய்தார்கள். ஆரம்பத்திலேயே மாணவரிடம், எப்போது, எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். எழுதச் சொல்லப்பட்டவர்கள் படிப்பை முடிப்பது 29 சதவீதம் கூடியது. செலவோ கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அற்புதம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு அதே குழு, ரெனே கிசில்செக் முதலியவர்களோடு சேர்ந்து, அதைப் பெரிதாகச் செய்து பார்த்தது. ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு மூன்றும் நடத்திய ஏறத்தாழ 250 படிப்புகள், இரண்டரை வருடம், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். 2020இல் முடிவு வந்தது. திட்டம் எழுதியவர்கள் முதல் சில வாரங்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். முடித்தவர்களின் எண்ணிக்கை அசையவில்லை. எந்த மாணவருக்கு எது பலிக்கும் என்று இயந்திரக் கற்றலை வைத்துக் கணிக்கவும் பார்த்தார்கள். அதுவும் பயன் தரவில்லை. தங்கள் பழைய வெற்றியைத் தாங்களே தேய்த்துப் பார்த்து, பித்தளை என்று வெளியில் சொன்ன அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வைப் பாராட்ட வேண்டும்.

இது ஒரே ஒரு விபத்து இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிலிப் ஓரியோபுலோஸும் உரோஸ் பெட்ரோனியெவிச்சும் ஐந்து வருடமாக சுமார் 25,000 மாணவர்களிடம் திட்டமிடும் பயிற்சி, குறுஞ்செய்தி, தனி வழிகாட்டி என்று மாற்றி மாற்றி முயன்றார்கள். மதிப்பெண்ணும் உயரவில்லை, படிப்பை விடுவதும் குறையவில்லை. தங்கள் மேல் யாரோ அக்கறையாக இருக்கிறார்கள் என்று மாணவர்கள் உணர்ந்தது மட்டும் மிச்சம். அதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை, ஆனால் மார்க் பட்டியலில் அது தெரியாது. ஸ்டெஃபானோ டெலாவிக்னா, எலிசபெத் லினோஸ் இருவரும் இத்தகைய சோதனைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தராசை 2022இல் வைத்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அரசு அமைப்புகளுக்காக 2 கோடியே 30 லட்சம் பேர் மீது நடந்த 126 சோதனைகளில் 1.4. வெற்றி பெற்றவை மட்டும் அச்சேறுவது இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம்.

அச்சேறியவற்றிலும் கவனம் தேவை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ‘சிக்னல்ஸ்’ என்று ஒரு முறை இருந்தது. மாணவரின் நிலைக்கேற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். கூடவே ஆசிரியரின் மெயிலும் போகும். சிக்னல்ஸ் உள்ள படிப்புகளை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் கல்லூரியில் தங்குவது 21 சதவீதம் அதிகம் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. 2013இல் மைக் கால்ஃபீல்டு அதைச் சந்தேகித்தார். ஆல்ஃபிரட் எஸ்ஸா கணினியில் ஒரு போலிக் கல்லூரியை உருவாக்கி, சிக்னல்ஸுக்குப் பதிலாக மாணவர்களுக்குக் குருட்டாம்போக்கில் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார். அதிக சாக்லேட் வாங்கியவர்கள்தான் கல்லூரியில் அதிக நாள் தங்கியிருந்தார்கள்! விஷயம் தலைகீழ். நீண்ட நாள் இருப்பவர் அதிகப் படிப்பு எடுப்பார், ஆகவே அதிக சாக்லேட்டும் அவர் கைக்கு வரும். நிறைய தீபாவளி கொண்டாடியவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, வருடத்துக்கு நாலு தீபாவளி வைக்கச் சொல்வது மாதிரி.

அப்படியானால் நினைவூட்டலே வீண் வேலையா? இல்லை. எது தடையாக நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைத்தும், கோடை விடுமுறையில் ஏதோ படிவம் நிரப்பாமல், ஏதோ கடன் விண்ணப்பம் அனுப்பாமல், செப்டம்பரில் வகுப்புக்கே வராமல் கரைந்துபோகும் மாணவர்கள் உண்டு. பென் காஸில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் சில ஊர்களில் அவர்களுக்கு எட்டு முதல் பத்துக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். தலைக்கு ஏழு டாலர் செலவு. ஒவ்வொரு செய்தியும் ஒரே ஒரு வேலையைச் சொன்னது, அதன் இணைப்பையும் கொடுத்தது. பதில் போட்டால் உள்ளூர் ஆலோசகர் ஒருவர் பேசினார். ஆலோசனைக்கு வேறு வழியில்லாத ஊர்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் ‘பவுன்ஸ்’ என்ற அரட்டைநிரலை வைத்து இதையே செய்தது. மாணவர் திருப்பிக் கேட்கலாம், நள்ளிரவிலும் கேட்கலாம், அசட்டுக் கேள்வியும் கேட்கலாம். அந்தக் கோடையில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் போயின. கரைந்துபோவது 21.4 சதவீதம் குறைந்தது.

இதே காஸில்மன் பிறகு வேறு சிலரோடு சேர்ந்து, எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நிதியுதவி விண்ணப்பம் பற்றிச் செய்தி அனுப்பிப் பார்த்தார். பலன் பூஜ்யம். செய்தியின் உள்ளடக்கத்தில் பெரிய குறையில்லை. அனுப்பியவை மாணவர் முகம் பார்த்திராத, தூரத்திலிருந்த அமைப்புகள்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்த அரை வரிக்கு இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. “டேய், என்பிடெல் போட்டாச்சா?” என்பதில் அனுப்பியவன் யார் என்பது தெரியும், நாளை காலை அவன் முகத்தில் விழிக்க வேண்டும். நேரமும் கச்சிதம்: எல்லோரும் அறையில், லேப்டாப் கையெட்டும் தூரத்தில், ஒன்றரை மணி நேரம் பாக்கி. என்ன செய்ய வேண்டும் என்பதும் சந்தேகமில்லை. இதற்குப் பக்கத்தில் படிப்பு நிறுவனங்கள் வழக்கமாக அனுப்பும் ‘உங்கள் கற்றல் பயணத்தைத் தொடருங்கள்’ வகையை வைத்துப் பாருங்கள். எந்தப் பயணம், எந்த பஸ், எத்தனை மணிக்கு? ‘ஐந்தாம் வாரத்தில் பத்துக் கேள்விகளில் ஆறு முடித்திருக்கிறீர்கள், நான்கு பாக்கி’ என்று எழுத ஒரு மென்பொருளுக்கு அதிகச் சிரமமில்லை. அந்த எண்கள் அதனிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் பீட்டர் பெர்க்மனும் எரிக் சானும் அப்படித்தான் செய்தார்கள், மாணவருக்கு அல்ல, பெற்றோருக்கு. மகன் எத்தனை வீட்டுப்பாடம் வைக்கவில்லை, எத்தனை வகுப்பு வரவில்லை என்பது மட்டும் தானாகக் குறுஞ்செய்தியாகப் போயிற்று. அறிவுரை ஒரு சொல் இல்லை. பாடங்களில் தோல்வி 28 சதவீதம் குறைந்தது. வகுப்புக்கு வருவது 12 சதவீதம் கூடியது. இரவுச் சாப்பாட்டு மேசையில் மீதி வேலையை அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் புரியாததால் நின்றுபோனவருக்கு எந்த நினைவூட்டலும் மருந்தில்லை. மூன்றாம் வாரத்து வகைக்கெழுச் சமன்பாடு தலைக்குள் ஏறாமல் தவிப்பவருக்கு, வினாக்கள் பாக்கி என்று நாலு முறை சொன்னால் அது திட்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது போட்ஸ்வானாவில் நோம் ஆங்கிரிஸ்ட் முதலியவர்கள் இதைச் சோதித்தார்கள். சுமார் 4,500 குடும்பங்கள். சிலருக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்குகள் மட்டும் போயின. சிலருக்கு அதோடு பதினைந்து, இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும் வந்தது: பெற்றோர் பிள்ளையைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட, மறுமுனையில் ஒருவர் அதே கணக்கைக் கூடவே இருந்து போடவைத்தார். அழைப்பு வந்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாகக் கூடியது. வெறும் செய்தி போன வீடுகளில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் 16,000க்கு மேற்பட்ட குடும்பங்களிடம் செய்தபோதும் அழைப்புக்குத்தான் வலு இருந்தது.

தடை மறதியாகவும் இல்லாமல், புரியாமையாகவும் இல்லாமல், இணையத்தின் மற்ற மூலைகளாகவே இருந்தால்? ரிச்சர்ட் பேட்டர்சன் ஸ்டான்ஃபோர்டின் புள்ளியியல் படிப்பு ஒன்றில் 657 மாணவர்களுக்கு மூன்று விதமான மென்பொருள்களைப் பிரித்துக் கொடுத்தார். ஒன்று, வெட்டி இணையத்தில் அரை மணி போனதும் நினைவூட்டும். இன்னொன்று, பாடப் பக்கத்தைத் திறக்கும்போது மற்றவற்றை மூடிக்கொள்ளும் வசதி தரும். மூன்றாவது, இன்று இவ்வளவு நேரம்தான் வெட்டி இணையம் என்று மாணவர் முன்கூட்டியே தானே பூட்டுப் போட்டுக்கொள்ள விடும். முதல் இரண்டும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. பூட்டுப் போட்டுக்கொண்டவர்கள் பாடத்தில் 24 சதவீதம் அதிக நேரம் செலவிட்டார்கள். முடிப்பதற்கான வாய்ப்பு 40 சதவீதம் உயர்ந்தது.

ஹாஸ்டல் மாடியில் இப்போது மணி 11:40. பத்தரைக்கு அந்த வரியை எழுதியவன் இன்னும் தன் அசைன்மென்ட்டைச் சமர்ப்பிக்கவில்லை. அவன் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். போட்டவன் யாராவது இருந்தால் பதில்களை அனுப்பட்டும் என்பது இரண்டாவது. 11:46க்கு யாரோ ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார்கள். 11:58க்குள் மாடியில் எல்லோரும் சமர்ப்பித்துவிடுகிறார்கள். நினைவூட்டல் பலித்த விகிதம் நூற்றுக்கு நூறு என்று எந்த ஆய்வாளரும் இங்கே பதிந்துகொள்ளலாம். மீதி 75 சதவீதத்துக்கான தேர்வறைக்குள் போனை எடுத்துப்போக அனுமதி இல்லை.